டைவர்ஸ் வேணுமா? முதல்ல கிளாசுக்கு வாங்க!

போன மாசம் டெக்ஸாஸ்ல இருக்கற நண்பர் ஒருத்தர் போன் பண்ணியிருந்தார். மனுஷன் செம கடுப்பில் இருந்தார். அவருக்கும் மனைவிக்கும் ஒத்து வரலை, பிரியறதுன்னு முடிவாகி ரொம்ப நாளாச்சு. அது பழைய கதை. அன்னிக்கு வந்த கடுப்பு வேற.

"யோவ், எனக்கு நாப்பத்திரெண்டு வயசாச்சு. எம்பொண்ணுக்கு டயபர் மாத்தினதுல இருந்து சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தது வரைக்கும் நான்தான். இப்போ கோர்ட்டு சொல்லுது, அப்பனா இருக்கறது எப்படின்னு நாலு மணி நேரம் கிளாஸ் முடிச்சுட்டு சர்டிபிகேட்டோட வான்னு. அதுக்கு பீஸும் நான்தான் கட்டணுமாம்! நாலு மணி நேரத்துல என்னத்தய்யா சொல்லிக் கொடுத்துடுவாங்க?"

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னாடி கிளாஸ் வச்சாலாவது அர்த்தம் இருக்கு, முறிஞ்சு போனதுக்கு அப்புறம் எதுக்குன்னு தோணிச்சு. ஆனா அவர் போனை வச்சதுக்கு அப்புறம் அந்தக் கேள்வி மட்டும் மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. இந்த வகுப்பு எங்கே இருந்து வந்தது? ஒரு நீதிபதிக்கு, பெத்தவங்களுக்குப் பாடம் நடத்தணும்னு ஏன் தோணிச்சு? வழக்கம் போல ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரத்துல படிச்சுப் பார்த்தேன். நான் நினைச்சதை விட நீளமான கதையா இருந்தது. அதான் இந்தப் பதிவு.

குழந்தை யாரோட சொத்து?

கதையை இங்கிலாந்துல இருந்து ஆரம்பிக்கணும். அமெரிக்கச் சட்டத்துக்குத் தாய்வீடு அதுதானே.

பழைய ஆங்கிலேயச் சட்டப்படி குழந்தை அப்பாவுக்கு. அவ்வளவுதான், பேச்சே கிடையாது. அப்பா குடிகாரனா இருந்தாலும் சரி, அடிக்கறவனா இருந்தாலும் சரி. அம்மா பால் கொடுத்துட்டு இருக்கற குழந்தையைக் கூட அவர் எடுத்துக்கிட்டுப் போகலாம்.

இதை எதிர்த்து நின்னவங்க கரோலின் நார்ட்டன்ங்கற எழுத்தாளர். 1827ல் ஜார்ஜ் நார்ட்டன்ங்கற வக்கீலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அடி உதைதான் வாழ்க்கை. 1836ல் பிரிஞ்சாங்க. பிரிஞ்ச உடனே மூணு பையன்களையும் கணவர் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். அது போதாதுன்னு, அப்போ பிரதமரா இருந்த மெல்போர்ன் பிரபுவோட தன் மனைவிக்குத் தொடர்புன்னு ஒரு கேஸையும் போட்டார். கேஸ் தோத்துப் போச்சு. ஆனா ஜெயிச்சாலும் தோத்தாலும் பையன்கள் அப்பாகிட்டதான்.

கரோலின் சும்மா இருக்கலை. துண்டுப் பிரசுரமா எழுதித் தள்ளினாங்க. டால்ஃபோர்ட்ங்கற எம்.பி. மூலமா நாடாளுமன்றத்துக்கு மசோதா போச்சு. 1839ல் சட்டமும் வந்தது. ஏழு வயசுக்கு உட்பட்ட குழந்தையைத் தன்கிட்ட கொடுங்கன்னு அம்மா கோர்ட்டுல கேட்கலாம், அதை விடப் பெரிய பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்கலாம். அதுவும் அந்த அம்மா மேல கள்ளத்தொடர்புக் குற்றம் நிரூபணம் ஆகாம இருந்தாத்தான். இன்னிக்குப் பார்த்தா ரொம்பச் சின்ன உரிமை. அன்னிக்கு அதுவே புரட்சி.

இதுல ஒரு கொடுமை. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. ஜார்ஜ் பையன்களை வச்சிருந்ததோ ஸ்காட்லாந்துல! தான் போராடி வாங்கின சட்டம் தனக்கே உதவலை. 1842ல் கடைசிப் பையன் வில்லியம் குதிரையில இருந்து விழுந்து அடிபட்டான். காயம் புரையோடி, அம்மா போய்ச் சேர்றதுக்குள்ள இறந்து போயிட்டான். அதுக்கப்புறம்தான் மத்த ரெண்டு பேரையும் அம்மாவோட இருக்க அப்பா விட்டார்.

இதைப் படிச்ச அன்னிக்கு வேற எதுவும் படிக்க ஓடலை.

அதுக்கப்புறம் காத்து மெதுவா எதிர்ப்பக்கம் அடிக்க ஆரம்பிச்சது. சின்னக் குழந்தைக்கு அம்மாதான் வேணும்ங்கற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில இங்கிலாந்து, அமெரிக்கா ரெண்டு இடத்துலயும் பலமாச்சு. இருபதாம் நூற்றாண்டு நடுவுல பார்த்தா, அமெரிக்கக் கோர்ட்டுகள்ல குழந்தை கிட்டத்தட்ட எப்பவும் அம்மாவுக்குத்தான். அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமையும் ஜீவனாம்ச பில்லும்.

கவனிச்சீங்கன்னா சட்டம் கேட்ட கேள்வி மாறவே இல்லை. முதல்ல "யாரோட சொத்து?"ன்னு கேட்டாங்க, அப்புறம் "யாருக்குப் பரிசு?"ன்னு கேட்டாங்க. ரெண்டுலயும் ஜெயிக்கறவங்க ஒருத்தர், தோக்கறவங்க ஒருத்தர். நடுவுல இருக்கற குழந்தைகிட்ட யாரும் எதுவும் கேட்கலை.

தப்பு யார் மேல?

இப்போ ஒரு தாவு தாவி 1969க்கு வருவோம். கலிஃபோர்னியா. கவர்னர் ரொனால்ட் ரீகன். ஆமாம், பின்னாடி ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். தானே ஒரு தடவை விவாகரத்து ஆனவர்.

அதுவரைக்கும் விவாகரத்து வேணும்னா எதிராளி மேல ஒரு குற்றத்தை நிரூபிக்கணும். கள்ளத்தொடர்பு, கொடுமை, கைவிட்டுட்டுப் போயிட்டார், இப்படி ஏதாவது. ரெண்டு பேரும் சுமுகமாப் பிரியணும்னு நினைச்சாக் கூட, யாராவது ஒருத்தர் கூண்டுல ஏறிப் பொய் சொல்லியாகணும். இந்த நாடகத்தை ஒழிக்க ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் 1970 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தது. ஒத்து வரலைன்னா போதும், தப்பு யார் மேலன்னு கேட்க வேண்டியதில்லை. மத்த மாநிலங்கள் ஒவ்வொண்ணா இதே வழிக்கு வந்துச்சு. கடைசியா வந்தது நியூயார்க், 2010ல்.

எண்ணிக்கை எகிறிச்சு. 1975ல் அமெரிக்காவில் ஒரே வருஷத்து விவாகரத்து முதல் தடவையா பத்து லட்சத்தைத் தாண்டிச்சு. 1981ல் பன்னிரண்டு லட்சத்தையும் தாண்டிச்சு. அந்தக் காலகட்டத்துல வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கும் மேல பிள்ளைகள் இதுல மாட்டினாங்க.

இங்கதான் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்தது. புருஷன் பொண்டாட்டி சண்டை போட முன்னாடி கோர்ட்டுல இடம் இருந்தது. "இவன் செஞ்சது தப்பு"ன்னு சொல்ல ஒரு மேடை இருந்தது. சட்டம் அந்த மேடையைப் பிரிச்சுப் போட்டுடுச்சு, ஆனா கோபம் அப்படியே இருந்தது. அந்தக் கோபத்துக்குக் கோர்ட்டுல மிச்சம் இருந்த இடம் ரெண்டுதான். ஒண்ணு காசு, இன்னொண்ணு குழந்தை. அம்மாவுக்குத்தான்ங்கற பழைய விதியும் 70கள்ல ஆட்டம் கண்டுச்சு. "குழந்தையோட நலன்"னு ஒரே அளவுகோல் வந்தது. நல்ல அளவுகோல்தான். ஆனா அதை நிரூபிக்க எதிராளி எவ்வளவு மோசமான பெத்தவர்னு ரெண்டு பக்கமும் அடுக்க வேண்டியதாச்சு. "கிராமர் வெர்சஸ் கிராமர்" படம் பார்த்தவங்களுக்கு அந்தக் கோர்ட் சீன் ஞாபகம் இருக்கும். 1979ல் வந்த படம். ரெண்டு நல்ல மனுஷங்க, வக்கீல் மூலமா ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சுப் போடுவாங்க.

அதே சமயத்துல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில ஜூடித் வாலர்ஸ்டைன்ங்கற உளவியலாளர் ஒரு வேலை ஆரம்பிச்சிருந்தாங்க. 1971ல். பிரிஞ்ச 60 குடும்பங்கள், 131 பிள்ளைகள். ஜோன் கெல்லிங்கறவங்களோட சேர்ந்து அந்தப் பிள்ளைகள்கிட்ட உட்கார்ந்து பேசினாங்க. 1980ல் புத்தகமா வந்தது. அப்பா ஏன் வீட்டை விட்டுப் போனார்னு யாருமே சொல்லாத குழந்தைகள், நாம சேட்டை பண்ணினதாலதான் போயிட்டார்னு நம்பின குழந்தைகள், யார் பக்கம் நிக்கறதுன்னு தெரியாம தவிச்ச பெரிய பிள்ளைகள்.

அந்த ஆராய்ச்சி மேல நிறைய விமர்சனம் உண்டு. வசதியான ஊர், பிரியாத குடும்பங்களோட ஒப்பிடலை, அப்படி இப்படின்னு. நியாயமான விமர்சனம்தான். ஆனா அதுக்கப்புறம் பலரும் பண்ணின ஆராய்ச்சிகள்ல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. பிரிவை விட, பிள்ளை கண்ணு முன்னாடி நடக்கற சண்டைதான் அதிகம் கெடுக்குது. முக்கியமா, பிள்ளையை வச்சு நடக்கற சண்டை.

வகுப்பு பிறந்த கதை

இப்போ குடும்ப வழக்கு நீதிபதியோட நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. தீர்ப்பு சொல்லியாச்சு. அடுத்த மாசம் அதே ஜோடி திரும்ப வருது. "சனிக்கிழமை ஆறு மணிக்குக் கொண்டு வந்து விடணும், ஏழரைக்கு விட்டார்." "பொறந்தநாளுக்குப் போன் பண்ணினா எடுக்க விட மாட்டேங்கறா." இதுக்கெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்துல பதில் இருக்கு? நீதிபதிங்க கொஞ்சப் பேர், கேஸ் மலையா இருக்கு.

சிலருக்கு ஒரு யோசனை வந்தது. இவங்க கெட்டவங்க இல்லை, இவங்களுக்குத் தெரியலை. சொல்லிக் கொடுத்தா என்ன?

ஆரம்பகால வகுப்புகள் பல கன்சாஸ் மாநிலத்துல நடந்தது. 1980களோட கடைசியில ஜார்ஜியாவில, அட்லாண்டாவை ஒட்டி இருக்கற காப் கவுண்டியில நாலு மணி நேர வகுப்பைக் கட்டாயம் ஆக்கினாங்க. அந்த மாதிரியைப் பார்த்துப் பல ஊர்கள் காப்பி அடிச்சது (நல்ல விஷயத்தைக் காப்பி அடிச்சாத் தப்பில்லை). 1993ல் கனெக்டிகட் சட்டம் போட்டது. 1994ல் யூட்டா மாநிலம் முழுக்கக் கட்டாயம் ஆச்சு.

அப்புறம் காட்டுத்தீதான். அமெரிக்காவில் சுமார் 3,100 கவுண்டிகள். 1994ல் எடுத்த கணக்குப்படி 541 கவுண்டிகள்ல இந்த மாதிரி வகுப்பு இருந்தது. 1998ல் 1,516. நாலே வருஷத்துல கிட்டத்தட்ட மூணு மடங்கு! ஃப்ளோரிடாவில் குறைஞ்சது நாலு மணி நேரம். இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 2006 ஜூலையில இருந்து மாநிலம் பூரா நாலு மணி நேரத்துக்குக் குறையாம இருக்கணும்னு விதி போட்டது. நம்ம நண்பர் இருக்கற டெக்ஸாஸ்ல, கோர்ட்டு விரும்பினா உத்தரவு போடலாம். போட்டா நாலு மணிக்குக் குறையக் கூடாது, பன்னிரண்டைத் தாண்டக் கூடாது.

எதிர்ப்பு இல்லாம இல்லை. "பிள்ளையை வளர்க்கறது என் உரிமை, கல்யாணத்தோட இருக்கறவங்களுக்குக் கிளாஸ் கிடையாது, எனக்கு மட்டும் ஏன்?"னு கேட்டவங்க இருந்தாங்க. ஓக்லஹோமாவில் இது மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1998ல் வந்த தீர்ப்பு: கட்டாய வகுப்பு செல்லும்.

நண்பர் கேட்டதும் அதே கேள்விதான்னு கவனிச்சீங்களா? நியாயமான கேள்வின்னுதான் நான் இன்னும் நினைக்கறேன்.

அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

சட்டம் கொஞ்சம், மனசு கொஞ்சம். எந்த வயசுப் பிள்ளை பிரிவை எப்படிப் புரிஞ்சுக்கும், என்ன அறிகுறி தெரியும், எப்போ டாக்டர்கிட்ட போகணும், இதெல்லாம் உண்டு. ஆனா வகுப்போட நடு முதுகெலும்பு "செய்யாதே" பட்டியல்தான்.

பிள்ளையைத் தபால்காரன் ஆக்காதே. "அம்மாகிட்ட சொல்லு, இந்த மாசம் பீஸ் அவதான் கட்டணும்னு."

பிள்ளையை ஒற்றன் ஆக்காதே. "அப்பா வீட்டுக்கு யாராவது ஆன்ட்டி வந்தாங்களா?"

பிள்ளை எதிர்ல அடுத்தவரைத் திட்டாதே. பிள்ளையில பாதி அவர்தான்.

யார் வேணும்னு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதே.

இதுக்குன்னே "நடுவில் மாட்டிய பிள்ளைகள்"ங்கற அர்த்தத்துல பேர் வச்ச ஒரு வீடியோ ரொம்பப் பிரபலம். ஒஹையோ மாநிலம் ஏதென்ஸ்ல ஜாக் ஆர்பத்நாட், டொனால்ட் கோர்டன்னு ரெண்டு உளவியலாளர்கள் உருவாக்கினது. முதல்ல ஒரு காட்சி, அம்மாவும் அப்பாவும் பையனை விட்டுச் சண்டை போடறாங்க. அப்புறம் அதே காட்சியை வேற மாதிரி நடத்திக் காட்டறாங்க. அவ்வளவுதான் டெக்னிக். பார்க்கறவங்க முதல் காட்சியில தன்னைப் பார்த்துட்டு நெளியணும், அதான் நோக்கம்.

பலன் உண்டா?

இங்கதான் நேர்மையாப் பேசணும். வகுப்புக்கு வரும்போது திட்டிக்கிட்டு வர்றவங்க, முடிஞ்சு போகும்போது "உபயோகமா இருந்தது, முன்னாடியே சொல்லியிருக்கலாம்"னு எழுதிக் கொடுத்துட்டுப் போறாங்க. கருத்துக் கேட்ட இடத்துல எல்லாம் கிட்டத்தட்ட இதே கதை. 2011ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினப்போ, வகுப்புக்குப் போனவங்க ஓரளவு மேல்னுதான் தெரிஞ்சது. ஆனா திரும்பக் கோர்ட்டுக்கு வர்றது குறையுதாங்கறதுல முடிவுகள் முன்னும் பின்னுமா இருக்கு.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பரிசோதனை இருக்கு. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல நடந்தது. கோர்ட்டு உத்தரவு எல்லாம் கிடையாது, இஷ்டப்பட்டு வந்த 240 குடும்பங்கள். ஒரு பிரிவுல அம்மாக்களுக்கு மட்டும் வகுப்பு, ஒரு பிரிவுல அம்மாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியா வகுப்பு, மூணாவது பிரிவுக்குப் படிக்கப் புத்தகம் மட்டும். வகுப்புன்னா நாலு மணி நேரம் இல்லை, வாரா வாரம், பதினோரு வாரம். ஆறு வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தாங்க. 2002ல் முடிவு வந்தது. அம்மாவோட பிள்ளைகளும் வகுப்புக்குப் போன பிரிவுல மனநோய் கண்டவங்க 11 சதவீதம். புத்தகம் மட்டும் வாங்கினவங்கள்ல 23.5 சதவீதம்.

அப்போ வேலை செய்யறது எதுன்னு தெரியுது. கோர்ட்டு வாங்கறது எதுன்னும் தெரியுது. பதினோரு வாரத்துக்குக் காசும் ஆளும் வேணும். நாலு மணி நேரம் மலிவு. இந்த வகுப்பு பிள்ளைகள் மேல இருந்த அக்கறையில பாதி, கோர்ட்டோட சுமையில பாதின்னு பிறந்தது. ரெண்டாவது பாதியை மறைச்சுப் பேசறது சரியில்லை.

இன்னொரு விஷயம். அடி உதைக்குப் பயந்து ஓடி வந்த பொண்ணுகிட்ட "அவரோட ஒத்துழைச்சு நடந்துக்கம்மா"ன்னு பாடம் எடுத்தா என்ன ஆகும்? பெண்கள் அமைப்புகள் ஆரம்பத்துல இருந்தே இதைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அதனாலதான் பல இடங்கள்ல விதிவிலக்கும், ரெண்டு பேருக்கும் தனித்தனி நாள் வகுப்பும் வந்தது. கரோலின் நார்ட்டன் இன்னிக்கு இருந்து, ஜார்ஜோட ஒரே ரூம்ல இந்த வகுப்புக்கு உட்கார வச்சிருந்தா? நினைச்சுப் பாருங்க.

கடல் தாண்டி

அமெரிக்காவோட நிக்கலை. தென்கொரியாவில் 2008ல் இருந்து சம்மதத்தோட பிரியறவங்களும் கோர்ட்டுல வழிகாட்டுதல் கேட்டாகணும், பிள்ளை இருந்தா மூணு மாசம் காத்திருக்கணும். நம்ம ஜனங்க நிறைய இருக்கற சிங்கப்பூர்ல 2016 டிசம்பர்ல இதைக் கொண்டு வந்தாங்க. முதல்ல 14 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்து, ஒத்துப் போகாத ஜோடிகளுக்கு மட்டும். அப்புறம் 21 வயசு வரைக்கும் நீட்டி, 2024 ஜூலையில இருந்து சம்மதத்தோட பிரிஞ்சாலும் வகுப்பு முடிச்சாத்தான் மனு போடலாம்னு ஆக்கிட்டாங்க.

நம்ம ஊர்லயும் குடும்ப நல கோர்ட்டுல கவுன்சிலிங் இருக்கேன்னு கேட்பீங்க. 1984ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டத்தோட நோக்கம் முதல்ல சமரசம், சேர்த்து வைக்க முடியுமான்னு பார்க்கறது. இந்த வகுப்பு அதுக்கு நேர் எதிர். "நீங்க சேரப் போறதில்லை, சரி. ஆனா இன்னும் பதினஞ்சு வருஷம் ஒரே பிள்ளைக்கு அப்பா அம்மாவா இருக்கணுமே, அதை எப்படிச் செய்யறது?"ன்னு ஆரம்பிக்குது. கல்யாணம் முடியும், பெத்தவங்களா இருக்கறது முடியாது. சட்டம் இந்த ஒரு வரிக்கு வந்து சேர, 1839ல் இருந்து கணக்குப் போட்டா நூத்தம்பது வருஷம் ஆச்சு. நாலு மணி நேரத்துல பாடம் முழுசா ஏறுதோ இல்லையோ, கேட்கற கேள்வி மாறியிருக்கு. குழந்தை யாருக்குன்னு கேட்டவங்க, குழந்தைக்கு நீ யாருன்னு கேட்கறாங்க. அதுக்காகவே நான் இந்த வகுப்பு பக்கம்.

நண்பர் ஆன்லைன்லயே வகுப்பை முடிச்சுட்டார். வேகமா ஓட்டி விட முடியாதபடி செட் பண்ணி வச்சிருந்தாங்களாம், அதுக்கும் ஒரு புலம்பல் :-) எப்படி இருந்ததுன்னு கேட்டேன். "மொக்கை"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்.

"அந்தத் தபால்காரன் மேட்டர் இருக்குல்ல... நான் எதையும் நேர்ல பேச வேண்டாம்னு, எல்லாத்தையும் பொண்ணுகிட்டதான் சொல்லி அனுப்பிக்கிட்டு இருந்தேன். பணிவான பொண்ணு, அப்படியே போய்ச் சொல்லும். திட்டு அது வாங்கிக்கிட்டு வரும். எனக்கு அது தெரியவே இல்லைய்யா."

இப்போ நேரடியா மனைவிக்கே மெசேஜ் அனுப்பறாராம். சண்டை குறையலை, நேத்து கூட டான்ஸ் கிளாஸ் பீஸுக்கு ஒரு ரவுண்டு போயிருக்கு. ஆனா அது அவங்க ரெண்டு பேருக்குள்ள.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், கவுண்டிக்குக் கவுண்டி விதி மாறும். இதைப் படிச்சுட்டு யாரும் கோர்ட்டுக்குப் போயிடாதீங்க. இந்த வகுப்புல உட்கார்ந்த அனுபவம் உங்கள்ல யாருக்காவது இருந்தா, பேர் சொல்லாமலே பின்னூட்டத்துல எழுதுங்க. தெரிஞ்சுக்க ஆசை.